சீசனும் சோதனையும்: உயர்தர இறுதியாண்டில் சம்பள வேலை

திருகோணமலையில் உயர்தர இறுதியாண்டுப் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யலாமா என்று கேட்டால் ஊரில் இரண்டு விடைகள் தயாராக இருக்கும். படிக்கிற பிள்ளையின் கையில் காசு புழங்கக் கூடாது என்பது ஒன்று. உழைத்துப் படித்தவன்தான் உருப்படுவான் என்பது மற்றது. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். எந்த விடை வெளியே வரும் என்பது பெறுபேறு வந்த பிறகுதான் தெரியும். மூன்று ஏ எடுத்தவன் மீன் வாடியில் நின்றது பெருமைக் கதையாகிவிடும். மூன்று எஸ் எடுத்தவன் அதே வாடியில் நின்றது அவன் தவறியதற்குக் காரணமாகிவிடும்.

முடிவைப் பார்த்துக் காரணம் கட்டுகிற இந்தப் பழக்கத்தால் கேள்வி இன்னும் கேள்வியாகவே கிடக்கிறது. இதை எடைபோட முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை.

தென்மேல் பருவக்காற்று தெற்கிலும் மேற்கிலும் கடலைக் குழப்புகிற மாதங்களில்தான் கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி விடுதிகளில் அறைகள் நிரம்பும். நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகுகள் ஓடும். கரைவலை இழுப்பும் அந்த மாதங்களில்தான். ஐப்பசி மழை பிடித்ததும் எல்லாம் ஒடுங்கிவிடும். இதைத்தான் ஊரார் ‘சீசன்’ என்கிறார்கள். திருமலையில் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கிற வேலையில் பெரும்பகுதி இந்த ஆறு மாதத்தோடு கட்டுண்டது.

2019 வரை உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில் நடந்தது, அதாவது சீசனின் நடு உச்சத்தில். அப்போது தெரிவில் குழப்பம் இல்லை. இறுதியாண்டில் சீசன் வேலைக்குப் போனவன் பரீட்சையைக் கைவிட்டவன் என்றே கொள்ளப்பட்டான். கோவிட் வந்து அந்த ஒழுங்கைக் குலைத்தது. 2020இல் ஒக்ரோபர், அடுத்தது 2022 பெப்ரவரி, பிறகு இரண்டு தடவை ஜனவரி என்று பரீட்சை அலைந்தது. அடுத்த இரண்டு தடவையும் நவம்பரில் நடந்தது: 2024இல் 25ஆம் திகதி, 2025இல் 10ஆம் திகதி. இதிலிருந்து வீடுகள் ஒரு கணக்குப் போட்டிருக்கின்றன. சீசன் செப்டெம்பரில் முடியும், சோதனை நவம்பரில் வரும், இடையில் படிக்கலாம்.

இந்தக் கணக்கு பிழை. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் பதின்மூன்றாம் ஆண்டின் பாடவிதானம் கற்பித்து முடிகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுகிற இரண்டு மாதம் பாஸ் பேப்பர் செய்வதற்கும் மறந்ததை மீட்பதற்கும் உரியது. முதல் தடவை கற்காததை எப்படி மீட்பது? போதாக்குறைக்கு நவம்பர் என்பது கிழக்கில் வெள்ளத்தின் மாதம். 2024 பரீட்சை தொடங்கிய மூன்றாம் நாளே மழையால் இடைநின்றது. 2025இல் டித்வா புயல் வந்து, மிச்சத் தாள்கள் அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப் போயின. மூதூர், வெருகல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி வாரங்கள் புத்தகத்தை நனையாமல் காப்பாற்றுகிற வாரங்களாகவே இருந்திருக்கும். சீசனுக்குப் பிந்திய இரண்டு மாதத்தை நம்பி ஆறு மாதத்தை விற்பது, காகிதத்தில் தெரிவதைவிட மோசமான வியாபாரம்.

இனி வேலையைப் பார்ப்போம். துறைமுகம் என்றதும் வெளியூர்க்காரர் நினைப்பது வேறு. சீனக்குடாவில் பிரீமா மா ஆலை இருக்கிறது, டோக்கியோ சீமெந்து இருக்கிறது, வெள்ளையர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் தொண்ணூற்றொன்பது நிற்கின்றன. இவற்றில் எதிலும் பள்ளிச் சீருடையைக் கழற்றிவிட்டு மாலையில் போய் நிற்க இடமில்லை. அவை முறைவேலையும் ஒப்பந்தமும் உள்ள பெரிய ஆட்களின் இடங்கள். மாணவனுக்குக் கிடைப்பது நகரத்துத் துணிக்கடையும் போன் கடையும், பேக்கரி, விடுதியில் அறை துப்புரவு, புறாமலைப் படகில் கைத்துணை, அதிகாலை மீன் ஏலத்தில் பெட்டி தூக்குவது, கலியாண வீட்டில் பரிமாறுவது, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் அறுவடை. மாணவிக்குக் கிடைப்பது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுப்பதும் தையலும்.

இவற்றைக் கௌரவத்தை வைத்து வரிசைப்படுத்துவது ஊர் வழக்கம். பரீட்சையை வைத்து வரிசைப்படுத்தினால் வரிசை தலைகீழாகும். எந்த வேலை எந்த மணியை எடுக்கிறது என்பதுதான் இங்கே அளவுகோல். மீன் ஏலம் விடியப்புறத்தை எடுக்கிறது. பிள்ளை ஏழரைக்குப் பள்ளியில் இருப்பான், ஆனால் முதல் மூன்று பாடமும் தூக்கத்தில் போகும். படகு வேலை காலையை எடுக்கிறது, அதாவது பள்ளியையே எடுக்கிறது. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்ற விதியை நெருக்கடிக் காலத்தில் தளர்த்தினார்கள் என்றாலும், வராத பிள்ளை இழப்பது வரவை மட்டுமல்ல. கடை வேலை பின்னேரத்தையும் இரவையும் எடுக்கிறது. மேசைக்கு முன் குளிரூட்டியில் நிற்கிற அந்த வேலை மரியாதையானது போலத் தெரியும், ஆனால் எல்லாவற்றிலும் அதிகமாகத் தின்பது அதுதான். ஒவ்வொரு நாளும் தின்னும். கலியாண வீட்டுப் பரிமாறலைத் தாழ்வாக நினைக்கிறார்கள். அது வாரத்தில் ஒரு நாளோடு முடிந்துவிடும். பரீட்சைக்கு ஆகக் குறைந்த தீங்கு செய்வது அதுவே.

சட்டம் இந்த வழக்கைத் தீர்க்காது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆழ்கடல் மீன்பிடி போன்ற ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை அமர்த்தக் கூடாது. உயர்தர இறுதியாண்டுப் பிள்ளைக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ ஆகியிருக்கும். ஆகவே கடையில் நிற்பதைச் சட்டம் தடுக்காது. சட்டம் மீறப்படுகிற இடம் வேறு. முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி என்ற பேச்சே அங்கே எழாது. ‘படிக்கிற பொடியன், கைக்காசுக்கு வாறான்’ என்ற ஒரு வசனத்தில் சம்பளமும் குறையும், உரிமையும் போகும்.

வேலைக்குப் போகலாம் என்பவர்களின் வாதத்தை அதன் பலமான வடிவில் எடுத்துக்கொள்ள வேண்டும். காசைப் பற்றிய வாதம் பலமானதுதான், அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஆளுமை பற்றிய வாதம். ஒரு சீசன் முழுக்க நிலாவெளியில் வெள்ளைக்காரரோடு பேசிய பையனின் ஆங்கிலம், பன்னிரண்டு ஆண்டு வகுப்பில் கற்ற ஆங்கிலத்தை விடச் சரளமாக இருக்கும். கல்லாப்பெட்டியைக் கணக்கு முடித்து ஒப்படைக்கத் தெரிந்தவனுக்கு வர்த்தகப் பிரிவின் கணக்கீடு வெறும் கோடுகளாகத் தெரியாது. வாடிக்கையாளரின் ஏச்சைக் கேட்டு முகம் மாறாமல் நிற்கப் பழகியவள் நேர்முகப் பரீட்சையில் நடுங்கமாட்டாள். இவை உண்மை. மறுப்பவர்கள் கடையில் நின்றதில்லை.

ஆனால் இறுதியாண்டு அளக்கப்படுவது எதனால்? இசட் புள்ளியால். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி அதை வைத்தே நடக்கிறது. மூன்று பிரதான பாடங்கள் மட்டுமே அதில் சேரும். பொது ஆங்கிலம் என்று ஒரு தாள் இருக்கிறது, அதன் புள்ளி இசட் புள்ளியில் சேராது. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் சேராது. படகில் கற்ற ஆங்கிலம் வாழ்க்கைக்கு உதவும், சேராத தாளில் ஏ வாங்கித் தரும், அனுமதிக்கு ஒரு தசமமும் தராது. வேலை கற்றுத் தருவதில்லை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அது கற்றுத் தருவதை அளக்கிற கருவி இந்தப் பரீட்சையிடம் இல்லை. பரீட்சையைத் திட்டலாம், திட்ட வேண்டும். ஆனால் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு அந்தத் திட்டு உதவாது.

இந்த இடத்தில் அமெரிக்க ஆய்வுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அங்கே பள்ளிப் பிள்ளைகள் வேலை செய்வது பரவலான பழக்கம் என்பதால் ஆய்வும் நிறைய நடந்திருக்கிறது. லாரன்ஸ் ஸ்டைன்பேர்க்கும் எலன் கிரீன்பேர்கரும் 1986இல் வெளியிட்ட நூல், வேலை பிள்ளைகளைப் பண்படுத்துகிறது என்ற நம்பிக்கையை உடைத்தது. வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் உழைப்பவர்களின் படிப்பு சரிகிறது என்பது அதற்குப் பின் நிலைத்துவிட்ட ஒரு கணக்கு. மறுபக்கம் ஜெய்லன் மோர்ட்டிமர், மினசோட்டாவின் செயின்ட் போல் நகரில் 1988இல் தொடங்கி ஒரே மாணவர் கூட்டத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அளவோடும் தொடர்ச்சியாகவும் வேலை செய்தவர்கள் பிற்காலத்தில் நன்றாகவே போனார்கள் என்று கண்டார். படிப்பில் பெரிய நம்பிக்கை தராத பிள்ளைகளுக்கும் அத்தகைய வேலை உதவியிருக்கிறது.

இரண்டையும் கூட்டி ‘இருபது மணிக்குள் என்றால் பரவாயில்லை’ என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? கூடாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் புள்ளி நாலு ஆண்டும் துண்டு துண்டாகச் சேர்கிறது. ஒரு பருவத்தில் சறுக்கியதை அடுத்த பருவத்தில் பிடிக்கலாம். இங்கே பதின்மூன்று ஆண்டுப் படிப்பையும் ஒரே மாதத்தின் ஒரு சில தாள்களில் எடைபோடுகிறார்கள். அங்கே தேறினால் போதும், இங்கே தேறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. நாடு முழுக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம். அங்கே இருபது மணி வேலையால் ஒரு பிள்ளையின் சராசரி சற்றுக் குறையலாம். இங்கே அதே அளவு சரிவு கொழும்பு மருத்துவ பீடத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடைப்பட்ட தூரமாக இருக்கலாம். எதிர்த்திசையிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலையால் புள்ளி குறைந்ததா, புள்ளி குறைந்தவர்கள்தான் வேலைக்குப் போனார்களா என்று அந்த ஆய்வுகளிலேயே தீராத வழக்கு இருக்கிறது. திருமலையில் அது இன்னும் சிக்கல். இங்கே வேலைக்குப் போகிற பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் மேசையும் இல்லை, அமைதியும் இல்லை. வேலையை நிறுத்திவிட்டால் மட்டும் அவை வந்துவிடா.

ஆகவே வெளிநாட்டு எண்ணை வைத்துவிட்டு நம் வாரத்தை நாமே கூட்டிப் பார்ப்பதே உத்தமம். வாரத்தில் 168 மணித்தியாலம். நாளுக்கு ஏழு மணித் தூக்கம் என்றால் 49 போனது. பள்ளி ஏழரையிலிருந்து ஒன்றரை வரை ஐந்து நாள், அது 30. சாப்பாடு, குளிப்பு, பஸ், வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நாளுக்கு நாலு மணி வைத்தால் 28. மிச்சம் 61. மூன்று பாட ரியூசனுக்கு ஒன்பது மணி. சொந்தப் படிப்புக்கு நாளுக்கு நாலு மணி, அது 28. கடைசியில் நிற்பது 24. துணிக்கடை கேட்பது பின்னேரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஆறு நாள், அதுவும் 24.

சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். பிள்ளைகள் ஏமாறுவது அங்கேதான். அந்தக் கணக்கில் காய்ச்சல் இல்லை, கோயில் திருவிழா இல்லை, மூதூரிலிருந்து வருகிற பஸ் பிந்துவது இல்லை, முதலாளி ‘இன்டைக்கு ஒரு மணித்தியாலம் கூட நில்லு தம்பி’ என்பது இல்லை. ஒன்று வழுகினால் எது வெட்டுப்படும்? பள்ளிக்கு வரவேடு இருக்கிறது. ரியூசனுக்குக் காசு கட்டியாயிற்று. கடையில் முதலாளி நிற்கிறார். கண்காணிக்க ஆளில்லாத ஒரே மணி சொந்தப் படிப்பு மணி. அது ஒவ்வொரு முறையும் வெட்டுப்படும். உயர்தரப் பாடங்கள் உள்ளே இறங்குவது அந்த மணியில்தான்.

இப்போது காசு. ஏன் வேலைக்குப் போகிறாய் என்று கேட்டால் அடிக்கடி வருகிற பதில், ‘ரியூசன் காசுக்கு’. இந்தப் பதிலை ஊர் அனுதாபத்தோடு கேட்டுவிட்டுக் கடந்துவிடுகிறது. நின்று கணக்குப் பார்ப்பதில்லை. 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபா. எட்டு மணி நாளாகக் கொண்டால் மணிக்கு 150. மாணவனுக்கு யாரும் அதையும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை, கொடுக்கிறார்கள் என்றே வைப்போம். பாடத்துக்கு மாதம் இரண்டாயிரம் என்று வைத்தால் மூன்று பாடத்துக்கு ஆறாயிரம். அதை உழைக்க மாதம் நாற்பது மணி, வாரம் ஏறத்தாழப் பத்து. வாரத்துக்கு ஒன்பது மணி வகுப்பை வாங்குவதற்கு வாரத்துக்குப் பத்து மணி உழைக்கிறான். வகுப்பையும் விட்டு, வேலையையும் விட்டால் பத்தொன்பது மணி கையில் வரும். அந்தப் பத்தொன்பது மணியை பாஸ் பேப்பரோடும் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டத்தோடும் இருந்து கழித்தால், நூறு பேர் நிரம்பிய மண்டபத்தில் பின்வரிசையிலிருந்து ஒன்பது மணி கேட்டதைவிடக் குறைவாகவா கற்பான்? மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுகிற ஆசிரியர் வழிகாட்டிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளம் மும்மொழியிலும் இருக்கிறது. கலை, வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு என் பதில் திட்டவட்டமானது: ரியூசனுக்காக உழைக்கிறாய் என்றால் இரண்டையும் விடு.

விஞ்ஞானப் பிரிவில் இந்தக் கணக்கு உடைகிறது, அதை மறைக்கக் கூடாது. வெருகலிலோ குச்சவெளியிலோ பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு நகரத்து ரியூசன் மேலதிக வகுப்பு அன்று, அதுதான் வகுப்பே. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது இந்த நிலையை நினைத்திருக்கமாட்டார். படிப்பு இலவசம், அதைக் கற்பிக்கிற ஆள் மட்டும் காசுக்கு. இந்தப் பிள்ளை வேலைக்குப் போவது உழைத்துப் படிக்கிற வீரம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அரசு நியமிக்காத ஆசிரியரின் சம்பளத்தை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை துணிக்கடையில் நின்று கட்டிக்கொண்டிருக்கிறது.

மாவட்ட ஒதுக்கீடு இதைச் சமப்படுத்தும் என்று ஒரு எண்ணம் உண்டு. அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற முறையில் திருகோணமலை பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. அந்த 40 வீதத்துக்கு வெளியே, கொழும்புப் பிள்ளையோடு திருமலைப் பிள்ளை நேருக்கு நேர் மோத வேண்டியதில்லை. ஆனால் மோதல் மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறது. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயமும் ஒரே வெட்டுப்புள்ளியில் நிற்கின்றன. வாடியில் நின்றுவிட்டு வருகிற மூதூர்ப் பையன் போட்டியிடுவது, மூன்று பாடத்துக்கும் ரியூசன் போய்விட்டு வீட்டில் மின்விசிறிக்குக் கீழ் படிக்கிற நகரத்துப் பிள்ளையோடு. ஒதுக்கீடு மாவட்டத்தைத் தூக்கிவிடுகிறது, மாவட்டத்துக்குள் இருக்கிற பள்ளத்தை அப்படியே விட்டுவிடுகிறது. வெட்டுப்புள்ளியைச் சுற்றிப் பிள்ளைகள் நெருங்கி நிற்கிற இடத்தில் வாரத்துக்கு இருபது மணி என்பது மிகப் பெரிய விலை.

பெண்பிள்ளைகளின் கணக்கு இதில் விழுவதே இல்லை. மாணவி சம்பள வேலைக்குப் போவது குறைவு என்பதால் அவளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார்கள். தாய் விடுதிச் சமையலுக்கோ வெளிநாட்டுக்கோ போன வீட்டில் சமையலும் தம்பி தங்கையும் அவள் தலையில். அதற்குச் சம்பளம் இல்லை, ஆகவே அது வேலையாகத் தெரிவதில்லை. மேலே நான் வைத்த நாளுக்கு நாலு மணி என்ற கணக்கு அவளுக்குப் பொய். ஆனால் சம்பள வேலைகளில் ஆகச் சிறந்ததும் அவளிடம்தான் இருக்கிறது. மாலையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குச் சொல்லிக் கொடுப்பது. பஸ் இல்லை, முதலாளி இல்லை, தன் சோதனை நெருங்கும்போது தானே நிறுத்தலாம். புலமைப்பரிசில் பரீட்சை ஓகஸ்ட் வாக்கில் நடந்த ஆண்டுகளில் அந்த வேலை அதற்குள் தானாகவே முடிந்துவிட்டது. பையன்கள் இந்த வேலையை ஏன் எடுப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

வேலையையும் பள்ளியையும் ஒழுங்காக இணைக்க அரசு ஒரு முயற்சி செய்தது. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவு, பதின்மூன்றாம் ஆண்டில் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பி, தேசிய தொழிற் தகைமையின் நான்காம் மட்டத்துக்குக் கொண்டுபோவது. ஜேர்மனியில் வாரத்தில் சில நாள் நிறுவனத்திலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் கழித்துச் சம்பளமும் வாங்குகிற முறையின் தூரத்து உறவு இது. விடுதித்துறையும் படகு இயந்திரமும் இருக்கிற திருமலைக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை. ஆனால் பெற்றோரின் பேச்சில் அது ‘ஓ.எல். சரிவராத பிள்ளைகள் போற வகுப்பு’. சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் சேரலாம் என்ற நல்ல விதியே அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. நிலாவெளி விடுதியில் தகைமையோடு போய் நிற்க வேண்டியவன், கலைப் பிரிவில் பெயரைப் பதிந்துவிட்டு அதே விடுதியில் தகைமையில்லாமல் துடைக்கிறான்.

காசுத் தேவையைப் பற்றி இனியும் ஒத்திப்போட முடியாது. எல்லாப் பிள்ளையும் தேவைக்குப் போவதில்லை. புதுப் போனுக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கே போதும். ஆனால் 2022ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகுக்காரன் வீட்டில் அதன் பொருள், கடலுக்குப் போனாலும் நட்டம் என்பது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் இசட் புள்ளி பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது. அந்த நெருக்கடியில் அடகு வைத்ததை இன்னும் மீட்காத வீடுகள் திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் இருக்கின்றன.

இவ்வளவையும் வைத்துத் தீர்ப்பு என்று சொன்னால், இறுதியாண்டில் சம்பள வேலை செய்யக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வார நாளில் செய்யக் கூடாது என்பேன். சனி, ஞாயிறில் பத்து மணித்தியாலத்துக்குள், ஓகஸ்ட் முடிவோடு நிறுத்துகிற வேலை என்றால் வாரத்தில் பதினான்கு மணி இடைவெளி மிஞ்சும். காய்ச்சலும் திருவிழாவும் பிந்திய பஸ்ஸும் அதற்குள் அடங்கும். சொந்தப் படிப்பு மணி தப்பும். அதற்கு மேல் போகிற எதுவும், அது எவ்வளவு மரியாதையான கடையாக இருந்தாலும், இடம் கிடைக்கக்கூடிய பிள்ளையின் இடத்தை விற்கிற வேலை. மருத்துவம், பொறியியல் குறிவைக்கிற பிள்ளைக்கு அந்தப் பத்து மணியும் கூடாது. முதல் ஷையில் (தடவையில்) நம்பிக்கை இல்லாத, கலைப் பிரிவில் பெயருக்கு இருக்கிற பிள்ளைக்கோ வேலை ஒரு கெடுதலும் செய்யாது. அவனுக்குக் கெடுதல் செய்தது அவனை அங்கே பதிந்த முடிவு.

பத்து மணியில் வீடு நிமிராது என்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? அவனுக்கும் அதே நாட்காட்டியைத்தான் காட்டுவேன். உயர்தரத்துக்கு மூன்று ஷை உண்டு. பரீட்சை நவம்பரில் என்றால் முதல் ஷை அப்போதே எழுதி முடிகிறது. 2024 பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது. கம்பஸ் திறக்க அதற்குப் பிறகும் மாதங்கள் போகும். டிசம்பரிலிருந்து அவனுக்குப் பள்ளி இல்லை. வாரத்தில் முப்பது மணி திரும்பக் கிடைக்கிறது. தை, மாசியில் பெரும்போக அறுவடை. ஏப்ரலில் சீசன் தொடங்கி செப்டெம்பர் வரை முழுதாக அவன் கையில். பெறுபேறு நல்லதாக வந்தால் கம்பஸுக்குக் காசோடு போவான். வராவிட்டால் காலையில் வேலையும் மாலையில் படிப்புமாக இரண்டாம் ஷைக்கு எழுதலாம், பள்ளி நாள் இல்லாததால் அந்தக் கணக்கு அப்போது உண்மையாகவே பொருந்தும். பதின்மூன்றாம் ஆண்டில் பாழாக்குகிற வேலை பதினான்காம் ஆண்டில் காப்பாற்றும். வேலையும் அதே, பிள்ளையும் அதே. ‘இப்ப விட்டால் பிறகு படிக்கமாட்டான்’ என்ற பயம் நியாயமானது. ஆனால் அது படிப்பை நடுவில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவனுக்குப் பொருந்துகிற பயம். எழுதி முடித்துவிட்டுப் போனவனுக்குப் பொருந்தாது.

ஆகவே கேட்க வேண்டியது, ஒரு சீசனைத் தள்ளிப்போட எவ்வளவு காசு வேண்டும் என்பது. கடை கேட்கிற 24 மணிக்கும் நான் அனுமதிக்கிற பத்துக்கும் இடையில் பதினான்கு. மணிக்கு 150 வீதம் வாரத்துக்கு 2,100. சீசனின் இருபத்தாறு வாரத்துக்கு 54,600 ரூபா. ஜனாதிபதி நிதியம் உயர்தர மாணவருக்கு மாதாந்தப் புலமைப்பரிசில் கொடுக்கிறது, ஆனால் வலயத்துக்குச் சில பத்துப் பேர் என்ற அளவில். மகாபொல புலமைப்பரிசில் கம்பஸ் வாசலைத் தாண்டிய பிறகுதான். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிற பிள்ளைக்கு யாரும் இல்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கங்கள் பள்ளிகளுக்கு வாயில் வளைவும் மேடையும் கட்டிக் கொடுக்கின்றன, பெயர்ப் பலகையோடு. ஒரு வளைவின் செலவை 54,600ஆல் வகுத்துப் பார்த்து, அத்தனை பேரை ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கடையிலிருந்து திருப்பி எடுக்கலாம். யார் யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். முதல் பாடத்தில் மேசையில் தலை வைத்துக் கிடப்பவர்களின் பெயரை எழுதித் தரச் சொன்னால் போதும்.